ஏர்மேனாகச் சேர்ந்தால் கடைசிவரை ஏர்மேன்தானா? மெஸ், வார்டு, எம்எஸ்பி: எது விதி, எது திமிர்

வேலந்தாவளம்
கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் தமிழ் மீடியத்தில் படித்த பையன்கள் நிறையப் பேர் அக்னிவீர்வாயுவுக்கு, அதாவது விமானப்படையின் நாலு வருஷ வேலைக்கு, விண்ணப்பம் போடுகிறார்கள். பெரும்பாலும் கஞ்சிக்கோடு கம்பெனிக் கூலி, தென்னந்தோப்பு வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்காக இரண்டு கேள்வி. ஏர்மேனாக (ஆபீசர் அல்லாத விமானப்படை வீரனாக) போனவன் ஆபீசர் ஆக நிஜமாகவே வழி இருக்கிறதா? "விமானப்படையில் ரெண்டே ஜாதி, ஆபீசரும் ஏர்மேனும்" என்று ரிட்டயர் ஆனவர்கள் சொல்வதில் எவ்வளவு உண்மை? உங்கள் சொந்தக் கதை வேண்டாங்க. விதி, தொகை, வயது வரம்பு, எங்கே சறுக்கும் என்பது மட்டும் போதும்.

ஃபார்ம் எழுநூறு
இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். பாதி எழுத்தில் இருக்கிற விதி, பாதி பழக்கம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் பையன் தேவையில்லாத இடத்தில் சண்டை போடுவான், போட வேண்டிய இடத்தில் சும்மா இருப்பான்.

எழுத்தில் இருப்பது இது. ரெகுலர் ஏர்மேனுக்கு ஏசி (ஏர்கிராஃப்ட்ஸ்மேன்), எல்ஏசி (லீடிங் ஏர்கிராஃப்ட்ஸ்மேன்), கார்ப்பரல், சார்ஜென்ட், ஜேடபிள்யூஓ (ஜூனியர் வாரண்ட் ஆபீசர்), வாரண்ட் ஆபீசர், மாஸ்டர் வாரண்ட் ஆபீசர் என்று ஏழு படி. சார்ஜென்ட் வரைக்கும் பெரும்பாலும் காலக்கணக்கும் பரீட்சையும்தான். ஜேடபிள்யூஓவில் இருந்து காலியிடம் பார்த்துத்தான் கிடைக்கும், அங்கேதான் பலர் தேங்கி நிற்பார்கள். ஏழாவது சம்பளக் கமிஷன் கணக்கில் ஏசி, எல்ஏசிக்கு லெவல் 3 (ஆரம்பம் 21,700), கார்ப்பரலுக்கு 4 (25,500), சார்ஜென்டுக்கு 5 (29,200), ஜேடபிள்யூஓவுக்கு 6 (35,400), வாரண்ட் ஆபீசருக்கு 7 (44,900), மாஸ்டர் வாரண்டுக்கு 8 (47,600). புதுசாக வருகிற ஃப்ளையிங் ஆபீசர் லெவல் 10ல், 56,100ல் ஆரம்பிக்கிறார். முப்பது வருஷ சர்வீஸ் போட்ட மாஸ்டர் வாரண்ட், இருபத்திரண்டு வயது ஃப்ளையிங் ஆபீசருக்கு சல்யூட் அடிக்க வேண்டும். இதில் யார் திமிரும் இல்லை, கமிஷன் (ஆபீசர் நியமனம்) என்ற அமைப்பே அப்படித்தான்.

வயிறு எரிகிற இடம் எம்எஸ்பி. மிலிட்டரி சர்வீஸ் பே ஆபீசருக்கு மாதம் 15,500. ஏர்மேன் எல்லாருக்கும் 5,200. கடைசிப் படியில் உள்ள ஏசிக்கும் 5,200, மாஸ்டர் வாரண்டுக்கும் 5,200. இந்தத் தொகைக்கு டிஏ (அகவிலைப்படி) உண்டு, பென்ஷன் கணக்கிலும் சேரும். ஆகவே வித்தியாசம் சாகும்வரை தொடரும். ஜேசிஓ (ஜேடபிள்யூஓ முதல் மாஸ்டர் வாரண்ட் வரை) நிலைக்காவது கூட்டித் தர வேண்டும் என்று படைகள் கேட்டதை 2018 கடைசியில் நிதி அமைச்சகம் ஏற்கவில்லை. பட்டாளத்து வாழ்க்கையின் கஷ்டத்துக்குக் கொடுக்கிற காசு இது. அந்தக் கஷ்டத்துக்கே மூன்று பங்கு விலை வித்தியாசம் என்றால் கேள்வி வரத்தான் செய்யும்.

கோபாலபுரம் செக்போஸ்ட்
அண்ணா, அக்னிவீர்வாயுவுக்கு இந்த லெவலே கிடையாதே.

ஃபார்ம் எழுநூறு
ஆமாங்க. அவர்களுக்குத் தனி ரேங்க், தனிச் சம்பளம். முதல் வருஷம் 30,000, அதில் 30 சதவீதம் பிடித்துக் கையில் 21,000. நாலாவது வருஷம் 40,000, கையில் 28,000. நாலு வருஷமும் பிடித்தது 5.02 லட்சம், அரசு அதே அளவு போடும், ஆக 10.04 லட்சமும் வட்டியும் சேவா நிதியாக வரும். அதற்கு வருமான வரி இல்லை. 48 லட்சத்துக்குக் காப்பீடு உண்டு. பென்ஷன் கிடையாது, எக்ஸ் சர்வீஸ்மேன் என்ற தகுதியும் வராது. நாலு வருஷம் முடிந்ததும் படையிலேயே வைத்துக்கொள்வது அதிகபட்சம் 25 சதவீதம் பேரை. அவர்கள் ரெகுலர் ஏர்மேனாக இன்னும் 15 வருஷமாவது இருக்க வேண்டும். மேலே சொன்ன ஏழு படி அந்த 25 சதவீதத்துக்குத்தான். மற்றவர்களுக்கு இந்த விவாதமே நாலு வருஷ விவாதம்.

கஞ்சிக்கோடு கூட்ஸ்
முதல் கேள்விக்கு வருகிறேன். வழி இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் கதவு எப்போது சாத்தும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஏசிசி. டேராடூன் ஆர்மி கேடட் காலேஜ். மூன்று படையிலும் சிப்பாய் நிலையில் இருப்பவர்கள் போடலாம். வயது 20 முதல் 27, குறைந்தது இரண்டு வருஷ சர்வீஸ், ப்ளஸ் டூ தேர்ச்சி. எழுத்துத் தேர்வு, அப்புறம் எஸ்எஸ்பி (ஆபீசர் தேர்வு வாரியத்தின் நேர்முகச் சோதனை). தேறினால் மூன்று வருஷம் டிகிரி, ஒரு வருஷம் ஐஎம்ஏ (இந்திய ராணுவ அகாடமி). ஒன்றை மறக்கக் கூடாது: வெளியே வரும்போது தரைப்படை லெப்டினன்ட். நீல யூனிஃபார்ம் போய்விடும். அதை விரும்பாமலே இந்தக் கதவைத் தட்டாமல் விடுகிறவர்கள் உண்டு.

ஏஎஃப்கேட். விமானப்படை ஆபீசர் வேலைக்கான பொதுத் தேர்வு, வருஷத்துக்கு இரண்டு முறை. 100 கேள்வி, 300 மார்க், தப்புக்கு ஒரு மார்க் போகும், இரண்டு மணி நேரம். டிகிரி வேண்டும். கிரவுண்ட் டியூட்டிக்கு வயது 20 முதல் 26, ஃப்ளையிங்குக்கு 24. சிக்கல் இங்கேதான். பதினெட்டில் சேர்ந்தவன் அஞ்சல் வழியில் டிகிரி முடிக்க, டியூட்டிக்கும் பரீட்சைத் தேதிக்கும் இடிபட்டு இருபத்து மூன்று, இருபத்து நாலு ஆகிவிடும். மிஞ்சுவது மூன்று நாலு முயற்சி. யூனிட்டில் இருந்து அனுமதி வாங்காமல் விண்ணப்பித்து, எஸ்எஸ்பிக்குக் கூப்பிட்ட பிறகு லீவு கேட்டால் அதோடு முடிந்தது. அனுமதிக் கடிதத்துக்கு முதலில் எழுதிக் கொடுங்கள், பிறகு ஃபார்ம் போடுங்கள்.

சர்வீஸ் என்ட்ரி. உள்ளே இருக்கிற சார்ஜென்ட்டும் அதற்கு மேல் உள்ளவர்களும் கமிஷனுக்குப் போட்டியிடுவது. முப்பதுகளின் பின்பாதியில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அந்த வயதில் ஃப்ளையிங் ஆபீசராக ஆரம்பிப்பவர் எந்த உயரத்தில் ரிட்டயர் ஆவார் என்பது கணக்குத்தான்.

ஹானரரி கமிஷன் நாலாவது. குடியரசு தினம், சுதந்திர தினம் பட்டியலில் வருவது. மாஸ்டர் வாரண்ட் ரிட்டயர் ஆகிற நேரத்தில் கௌரவ ஃப்ளையிங் ஆபீசர் ஆவார். மரியாதை, பென்ஷனில் ஏற்றம், அவ்வளவுதான். யாருக்கும் கட்டளை போடும் பதவி அல்ல.

எஸ்எஸ்பி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்து நாள். முதல் நாள் ஓஐஆர் என்கிற புத்திக்கூர்மைச் சோதனை, படம் பார்த்துக் கதை எழுதிப் பேசுகிற பிபிடிடி. அங்கேயே பாதிக்கு மேல் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்து சைக்காலஜி: வெற்றுப் படம் சேர்த்து 12 படத்துக்குக் கதை எழுதுகிற டிஏடி, வார்த்தை ஒன்றுக்கு 15 விநாடி வீதம் 60 வார்த்தைக்கு வாக்கியம், அரை மணியில் 60 சந்தர்ப்பத்துக்குப் பதில், கடைசியில் தன்னைப் பற்றி எழுதுவது. ஏர்மேன் போகும்போது விழுகிற குழி இது: கதையில் நாயகன் எப்போதும் "சார், என்ன செய்யட்டும்" என்று மேலே பார்த்து நிற்பான். வருஷக்கணக்கில் உத்தரவு வாங்கிய பழக்கம் பேப்பரில் வந்துவிடும். குரூப் டாஸ்க்கிலும் வயசுக்கும் ரேங்குக்கும் பழகிய கை, வெளியில் இருந்து வந்த கல்லூரிப் பையனுக்கு வழிவிட்டுப் பின்னால் நிற்கும். ஆங்கிலத்தைவிட இதுதான் அதிகம் பேரைத் தள்ளுகிறது.

மீனாட்சிபுரம்
நீங்க எல்லாரும் இதை வர்க்கத் திமிர் என்று பேசுவது மிகை. படையில் தூரம் வேண்டும். கூடவே உட்கார்ந்து சாப்பிட்டவனை நாளைக்கு ஆபத்தான வேலைக்கு எப்படி அனுப்புவது? ஆபீசர் மெஸ், எஸ்என்சிஓ (சார்ஜென்ட்டும் மேலே உள்ள வாரண்ட் ரேங்குகளும்) மெஸ், ஏர்மென் மெஸ் என்று மூன்றாக இருப்பது அதற்குத்தான். சார்ஜென்ட் ஆனவர் கார்ப்பரலோடு சாப்பிடாமல் தனி மெஸ்ஸுக்குப் போகிறாரே, அதையும் திமிர் என்பீர்களா? தவிர, தரைப்படை மாதிரி சகாயக் (ஆபீசருக்கு ஏவல் சிப்பாய்) வைத்துக்கொள்கிற ஏற்பாடு விமானப்படையில் இல்லை. அதைச் சொல்லாமல் பேசுவது நியாயமில்லை.

வாளையார் காற்று
தூரம் வேண்டும் என்பதில் மறுப்பில்லை ஐயா. ஆனால் இந்த மெஸ் ஏற்பாடு தேவை பார்த்து நாம் யோசித்து வைத்ததல்ல, பிரிட்டிஷ் ராயல் ஏர் ஃபோர்ஸில் இருந்து அப்படியே வந்தது. அங்கே அது எப்படி ஓடியது என்று பாருங்கள்.

இரண்டாம் உலகப் போரில் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர். பைலட் சார்ஜென்டாக இருக்கலாம், நேவிகேட்டர் ஆபீசராக இருக்கலாம். வானத்தில் பைலட்தான் கேப்டன், ரேங்க் எடுபடாது. விமானம் திரும்பித் தரை தொட்டதும் ஆபீசர் ஒரு மெஸ்ஸுக்கு, சார்ஜென்ட் இன்னொரு மெஸ்ஸுக்கு. சாவு பொது, சாப்பாடு தனி. மெடலிலும் அதே கோடு. ஒரே விமானம், ஒரே இரவு, ஒரே துணிச்சல். ஆபீசருக்கு டிஎஃப்சி (ஃப்ளையிங் கிராஸ்), சார்ஜென்டுக்கு டிஎஃப்எம் (ஃப்ளையிங் மெடல்). 1918ல் ஒரே நாளில் தொடங்கிய இந்த இரட்டைத் தட்டு 1993ல்தான் ஒழிந்தது. இதில் எந்தக் கட்டுப்பாடு காப்பாற்றப்பட்டது என்று யாராவது சொல்லட்டும். நம் ஊரில் சுதந்திரத்துக்குப் பிறகு வீர் சக்ரா, வாயு சேனா மெடல் எல்லாம் எல்லா ரேங்குக்கும் ஒன்றே. அதனால் இங்கே யாருடைய கட்டுப்பாடும் கெடவில்லை.

ஜெட் எஞ்சின் கண்டுபிடித்த ஃப்ராங்க் விட்டில் இதற்கு நல்ல உதாரணம். கவன்ட்ரியில் பிறந்த மெக்கானிக்கின் பிள்ளை. 1923ல் அப்ரன்டிஸாகச் சேரப் போனபோது உயரம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். உடற்பயிற்சி செய்து, மறுபடி விண்ணப்பித்து உள்ளே வந்தார். அப்ரன்டிஸ்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு மட்டுமே கிரான்வெல் ஆபீசர் பயிற்சிக் கல்லூரியில் கேடட் இடம். 1926ல் அவருக்குக் கிடைத்தது, 1928ல் கமிஷன். 1930ல் ஜெட் எஞ்சினுக்குக் காப்புரிமை போட்டார். 1935ல் புதுப்பிக்க 5 பவுண்டு கட்டணம், கையில் இல்லை. விமான அமைச்சகமும் கட்ட மறுத்தது, காப்புரிமை காலாவதி ஆனது. பணக்கார வீட்டு ஆபீசராக இருந்திருந்தால் 5 பவுண்டு ஒரு பேச்சாகவே இருந்திருக்காது. அவருடைய எஞ்சின் வைத்த விமானம் 1941 மே 15ல் பறந்தது.

ஃபார்ம் எழுநூறு
விட்டில் கதையோடு நம் பக்கத்தையும் சேர்க்கணும். 1933 ஏப்ரல் 1ல் கராச்சி டிரிக் ரோட்டில் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியபோது நாலு வாபிட்டி விமானம், கிரான்வெல்லில் பயிற்சி பெற்ற சில ஆபீசர்கள், 19 ஹவாய் சிப்பாய்கள் (அன்றைய இந்திய ஏர்மேன்கள்). அந்த ஹவாய் சிப்பாய்களில் ஒருவர் ஹர்ஜிந்தர் சிங். லாகூர் மெக்லகன் காலேஜில் எஞ்சினியரிங் படித்தவர், படித்துவிட்டுச் சிப்பாயாகச் சேர்ந்தார். லைசாண்டர் விமானத்தின் வால் சக்கரம் அடிக்கடி உடைந்தபோது அதற்கு மாற்று வடிவமைத்தார். ஏர் வைஸ் மார்ஷல் வரை போய் மெயின்டெனன்ஸ் கமாண்டுக்குத் தலைமை ஏற்றார். கான்பூரில் ஆவ்ரோ 748 விமானம் உருவானதில் அவர் கை பெரிது.

இவரைக் காட்டி "பாருங்க, யாரும் மேலே வரலாம்" என்று சொல்லக் கூடாது. புதுப் படை, போர் வேறு வந்தது, கதவு திறந்திருந்தது. இன்றைக்குக் கதவு அளவு வேறு.

மீனாட்சிபுரம்
அதே டிரிக் ரோட்டில் 1946 ஜனவரியில் வேலைநிறுத்தம் செய்தது வெள்ளைக்கார ஏர்மேன்கள்தானே? போர் முடிந்தும் ஊருக்கு அனுப்பவில்லை என்று.

வாளையார் காற்று
அதேதான். அடுத்து மற்ற நிலையங்களுக்கும் பரவியது, பிப்ரவரியில் நம் ஏர்மேன்களும் இறங்கினார்கள், பம்பாயில் கடற்படை எழுச்சியும் அந்த மாதமே. லண்டன், மான்செஸ்டர் தொழிலாளி வீட்டுப் பையன்கள் அவர்கள். தோல் வெள்ளை என்பதால் ஆபீசர் அவர்களைச் சமமாக நடத்தவில்லை.

கோபாலபுரம் செக்போஸ்ட்
வேலை நடக்கிற இடத்தில் எப்படி? ஹேங்கரிலும் சார், சார் தானா?

ஃபார்ம் எழுநூறு
ஹேங்கரில் கணக்கு வேறு. அங்கே ரேங்குக்கு மேலே ஒரு புத்தகம் இருக்கிறது, ஃபார்ம் 700. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒன்று. ஏர்ஃப்ரேம், எஞ்சின், எலக்ட்ரிகல், இன்ஸ்ட்ருமென்ட், ரேடியோ, ஆயுதம் என்று ஒவ்வொரு டிரேடும் தன் சோதனை முடித்துத் தன் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மேற்பார்வையாளர் அதன் மேல் போடுவார். கடைசியில் பைலட் படித்துப் பார்த்து ஏற்றுக் கையெழுத்திட்டால்தான் விமானம் வெளியே போகும். கார்ப்பரல் ஒருவர் ஹைட்ராலிக் கசிவை எழுதி "யு/எஸ்" (பறக்கத் தகுதியில்லை) என்று போட்டுவிட்டால், குரூப் கேப்டனே வந்தாலும் வாய் வார்த்தையால் அதை அடிக்க முடியாது. சரிசெய்து மறுபடி சோதிக்கணும், அல்லது அதிகாரம் உள்ள எஞ்சினியரிங் ஆபீசர் இந்த வரம்புக்குள் பறக்கலாம் என்று தன் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போடணும். பொறுப்பு அப்போது அவர் தலையில்.

டூல் கணக்கும் அப்படித்தான். டூல் கிரிப்பில் (கருவி அறையில்) இருந்து ஸ்பேனர் எடுக்கும்போது உங்கள் நம்பர் போட்ட பித்தளை வில்லையை அந்தக் கொக்கியில் மாட்டுவீர்கள். ஷிஃப்ட் முடிவில் ஒரு ஸ்க்ரூடிரைவர் பிட் குறைந்தால், அது கிடைக்கும்வரை அந்த விமானம் நகராது. "நேரமாச்சு, விடுப்பா" என்று தட்டிக் கழிக்கச் சொல்கிற மேலதிகாரி எங்கும் இருப்பார். அப்போது வாய்ச்சண்டை வேண்டாம். "சார், நீங்க ஃபார்மில் எழுதிடுங்க" என்று மரியாதையாகச் சொன்னால் போதும், பேச்சு அடங்கிவிடும்.

டிரேடில் நல்ல பெயர் எடுத்தவனிடம் திமிர் காட்டுவது குறைவு. டெக்னிக்கல் அல்லாத டிரேடில், ஆபீஸ், மெஸ், கார்டு டியூட்டி பக்கத்தில்தான் தேவையில்லாத ஏவல் அதிகம் வரும். குடும்ப நலச் சங்க நிகழ்ச்சிக்கு நாற்காலி போடுவது, ஆபீசர் வீட்டுச் சாமான் இறக்குவது. இது எந்த விதியிலும் இல்லை, பழக்கம். வீட்டுப் பெண்கள் பக்கமும் அதே வரிசைதான்: சி.ஓ.வின் (யூனிட் தலைவரின்) மனைவி தலைமை, ஏர்மேன் மனைவி டீ தட்டு.

கஞ்சிக்கோடு கூட்ஸ்
பழக்கம் எல்லை மீறினால் என்ன செய்வது என்பதையும் எழுதிவைப்போம். விமானப்படைச் சட்டம் 1950ல் 26வது பிரிவு ஏர்மேனின் குறைகேட்புக்கு. 47வது பிரிவு கீழுள்ளவரை அடித்தாலோ கொடுமைப்படுத்தினாலோ பொருந்தும். ஆபீசர், வாரண்ட், என்சிஓ (கார்ப்பரல், சார்ஜென்ட்) யாராக இருந்தாலும் ஏழு வருஷம் வரை தண்டனை. 40, 41 இரண்டும் மேலதிகாரியைத் தாக்குவது, உத்தரவு மீறுவது. கோபத்தில் கை ஓங்கினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும்.

மனு எழுதும்போது தனி ஆளாக மட்டும் எழுதுங்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்திட்டால், விஷயம் சின்னதானாலும் கூட்டு ஒழுங்கீனம் என்று பார்க்கப்படும், கலகம் என்கிற அளவுக்கும் இழுக்கலாம். தேதி, இடம், யார் சொன்ன உத்தரவு, சாட்சி: இந்த நாலும் இருக்கட்டும். "அவமானப்படுத்தினார்" என்று மட்டும் எழுதினால் நிற்காது. வாட்ஸ்அப்பிலோ பேஸ்புக்கிலோ போட்டால் குறை கேட்பார் இல்லை, தண்டனைதான் மிஞ்சும்.

கீழிருந்து மேல்வரை போய்ப் பதில் திருப்தி இல்லை என்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம், 2007 சட்டப்படி. நமக்கு அருகில் கொச்சியிலும் சென்னையிலும் அமர்வு. இறுதி உத்தரவு வந்த நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் போடணும். மனுவுக்குப் பதிலே வராமல் ஆறு மாதம் கழிந்தாலும் போகலாம்.

மீனாட்சிபுரம்
இது உபயோகமான தகவல். தீர்ப்பாயத்துக்குப் போவது பெரும்பாலும் பென்ஷன், ஊனத்தொகை வழக்குகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊனத்தொகையிலும் ரேங்க் பிரச்சினை வந்தது. நூறு சதவீத ஊனத்துக்கு ஆபீசருக்கு 27,000, ஜேசிஓவுக்கு 17,000, மற்றவருக்கு 12,000 என்று ஏழாவது கமிஷன் பரிந்துரைத்தது. 2017ல் அரசு பழைய சதவீத முறைக்கே திரும்பிவிட்டது.

வாளையார் காற்று
ரிட்டயர் ஆன பின்னும் கோடு அழியாது ஐயா. ஈசிஎச்எஸ்ஸில் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) சார்ஜென்ட் வரை ஜெனரல் வார்டு, ஜேடபிள்யூஓ முதல் மாஸ்டர் வாரண்ட் வரை செமி பிரைவேட், ஆபீசருக்கு பிரைவேட். ஒரு முறை கட்டும் தொகையும் அதன்படி 30,000, 67,000, 1,20,000. கோவையிலோ பாலக்காட்டிலோ ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே டாக்டரிடம். கட்டில் மட்டும் மூன்று விதம். கௌரவ கமிஷன் வாங்கியவரும் செமி பிரைவேட்தான். தோளில் ஆபீசர் பட்டை, வார்டில் இல்லை.

வேலந்தாவளம்
எல்லாருக்கும் நன்றிங்க. பையன்களுக்கு உடனே வேண்டியதையும் யாராவது சொல்லுங்க. விண்ணப்பத்தில் நம்ம எல்லைப் பக்கத்துச் சிக்கல்.

கோபாலபுரம் செக்போஸ்ட்
சிக்கல் மூன்று இடத்தில் வரும்.

இருப்பிடம்: வீடு கேரளாவில், படிப்பு பொள்ளாச்சியிலோ கோவையிலோ என்றால் மார்க் ஷீட் தமிழ்நாடு போர்டு, டொமிசைல் கேரளா. இது தப்பில்லை. ஆனால் விண்ணப்பத்தில் டொமிசைல் தமிழ்நாடு என்று போட்டுவிட்டு இரண்டாம் கட்டத்துக்குக் கேரளத் தாசில்தார் கொடுத்த சான்றிதழை நீட்டினால் வெளியே அனுப்புவார்கள். அட்சயா சென்டரில் (கேரள அரசின் இ-சேவை மையம்) நேட்டிவிட்டி சான்றிதழ் முதலிலேயே எடுத்துவிட்டு அதைப் பார்த்து ஃபார்ம் நிரப்புங்க.

பெயர்: நம் ஆட்களுக்கு இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. எஸ்எஸ்எல்சியில் இருப்பதுதான் கணக்கு, மற்றதெல்லாம் அதற்கு ஒத்து மாறணும். எஸ்எஸ்எல்சியே தப்பு என்றால் கேரளா புத்தகத்துக்குத் திருவனந்தபுரம் பரீட்சா பவன், தமிழ்நாட்டுக்குச் சென்னை தேர்வுத் துறை. மாதக்கணக்கில் இழுக்கும், அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் ஆகாது.

மொழி: ஆன்லைன் தேர்வு ஆங்கிலமும் ஹிந்தியும்தான். "உந்தம்", "முடுக்கம்" என்று படித்த பையனுக்கு இயற்பியல் தெரியும், கேள்வி புரியாது. ப்ளஸ் டூ கணக்கு, இயற்பியல் இரண்டின் சொற்களையும் ஆங்கிலத்தில் ஒரு நோட்டில் எழுதிப் பழகணும். சயின்ஸ் தேர்வு 60 நிமிஷம், தப்புக்குக் கால் மார்க். ஆங்கிலப் பாடத்தில் தனியாக 50 சதவீதம் இல்லை என்றால் மொத்தம் 90 இருந்தாலும் தகுதி இல்லை, மார்க் ஷீட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்க.

ஓட்டம் 1.6 கிலோமீட்டர் ஏழு நிமிஷம். அதன்பின் தனித்தனியே ஒரு நிமிஷத்தில் 10 புஷ் அப், 10 சிட் அப், 20 ஸ்குவாட். தோப்பு வேலை செய்கிற பையனுக்கு இது பெரிதில்லை. வேகமாக எண்ணிவிட்டுப் பாதியில் முட்டி மடக்காமல் செய்தால் அந்த எண்ணிக்கை சேராது, அங்கேதான் போகும்.

கஞ்சிக்கோடு கூட்ஸ்
இன்னொன்றும் சேர்த்துக்கோங்க. டெக்னிக்கல் டிரேடு கிடைத்தவர்கள் என்ன விமானத்தில், என்ன வேலை, எத்தனை நாள் என்ற அனுபவப் பதிவை உள்ளே இருக்கும்போதே ஆபீசர் கையெழுத்தோடு வாங்கி வைக்கணும். பின்னாளில் டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தரும் மெயின்டெனன்ஸ் லைசன்ஸுக்கு மாட்யூல் பரீட்சை எழுதும்போது அதைக் கேட்பார்கள், சிவில் விமான அனுபவமும் தனியே வேணும். வெளியே வந்த பிறகு பழைய யூனிட்டுக்கு எழுதிக் கேட்டால், அந்த ஆபீசர் மாற்றலாகிப் போயிருப்பார், லாக் புத்தகம் ஸ்டோரில் எங்கேயோ கிடக்கும்.

வேலந்தாவளம்
சரிங்க. நேட்டிவிட்டிக்கு நாளைக்கே அட்சயாவில் போட்டுவிடச் சொல்கிறேன்.